அப்பா வச்ச தொட்டி, புள்ள கண்ட விடை

டிஸ்கி: இது மீன் வளர்ப்பு நிபுணர் எழுதுற பதிவு இல்லை. அஞ்சே நாள்ல எட்டு மீனைப் பரலோகம் அனுப்பின ஒரு சாஃப்ட்வேர் ஆசாமியின் பாவமன்னிப்பு. வரலாறு பிடிக்காதவங்க நேரா கடைசிப் பகுதிக்குக் குதிச்சிடலாம்.

விஷயம் இதுதான் மக்களே. ரெண்டடி கண்ணாடித் தொட்டி ஒண்ணு வாங்கினேன், கூடவே அஞ்சாறு கொத்து செடி. "செடி ஆக்ஸிஜன் கொடுக்கும், மீன் கார்பன் டை ஆக்ஸைடு கொடுக்கும். ஆக மொத்தம் ஒரு லூப், தானா ஓடும்"னு எட்டாங்கிளாஸ் அறிவியலை நம்பி, அன்னிக்குச் சாயங்காலமே எட்டு மீனையும் உள்ளே விட்டேன். "சார், செடி வேர் பிடிக்கட்டும், மீனை ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்கங்க"ன்னு கடைக்காரர் சொன்னார். வர்ற வியாபாரத்தையே வேணாம்னு சொல்ற மனுஷனை நம்பியிருக்கணும். நம்பலை.

மூணாம் நாள் செடியோட இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைய ஆரம்பிச்சது. அஞ்சாம் நாள் மீன் எல்லாம் மேலே மிதந்தது. தண்ணி மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. அண்ணன் பொண்ணு, ஆறு வயசு, "சித்தப்பா, தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அதைத் தேடிப் போனப்போ மாட்டினதுதான் இந்தக் கதை.

1771ல இங்கிலாந்துல ஜோசப் ப்ரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிஞ்சு அணைஞ்ச காத்துக்குள்ள ஒரு புதினாத் தண்டை வச்சு மூடினார். பத்து நாள் கழிச்சுப் பார்த்தா, அதே காத்துல மெழுகுவர்த்தி மறுபடி எரிஞ்சது. கெட்டுப்போன காத்தைச் செடி சரி பண்ணுது! ஆனா இந்தச் சோதனை எல்லா நேரமும் ஒரே மாதிரி வரலை. காரணத்தை 1779ல யான் இங்கன்ஹவுஸ் சொன்னார். தண்ணிக்குள்ள முக்கின இலையில, வெயில் பட்டாத்தான் குமிழ் வருது. இருட்டுல செடியும் நம்மளை மாதிரியே காத்தைக் கெடுக்குது. செடித் தொட்டி வைக்கிற ஒவ்வொருத்தரும் மனப்பாடம் பண்ண வேண்டிய முதல் பாடம் இது.

இப்ப நம்ம கதாநாயகன். பேர் ராபர்ட் வாரிங்டன். லண்டன்ல மருந்து தயாரிப்பாளர் சங்கத்துல வேதியியலாளர். 1849ல, சுமார் 12 கேலன் (ஏறக்குறைய 55 லிட்டர்) பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரம் ஒண்ணை எடுத்தார். அடியில மணலும் சேறும் கல்லும். அதுல வாலிஸ்னேரியான்னு நாடா மாதிரி நீளமா வளர்ற செடி. ரெண்டே ரெண்டு சின்னத் தங்கமீன்.

முதல்ல நல்லாத்தான் போச்சு. அப்புறம் பழைய இலைகள் அழுகித் தண்ணி கலங்கிடுச்சு, பாசி வேற. நானா இருந்தா மொத்தத்தையும் கொட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணியிருப்பேன். வாரிங்டன் யோசிச்சார். குளத்துல அழுகுற இலையை யார் தின்னுறாங்க? நத்தை! அஞ்சாறு குளத்து நத்தையை உள்ளே விட்டார். அழுகின இலையை நத்தை தின்னுது, நத்தையோட முட்டையை மீன் தின்னுது. தண்ணி தெளிஞ்சது. 1850ல இதை லண்டன் வேதியியல் கழகத்துல கட்டுரையா வாசிச்சார். மீன், செடியோட நத்தையும் சேர்ந்தாத்தான் தொட்டி நிக்கும்னு காட்டினது அவர்தான்.

நேரமும் அவர் பக்கம் இருந்தது. பிரிட்டன்ல கண்ணாடி மேல இருந்த வரியை 1845லயே எடுத்திருந்தாங்க. 1853ல லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில பொதுமக்களுக்கான மீன் காட்சிசாலை திறந்தது. அடுத்த வருஷமே ஃபிலிப் ஹென்றி காஸ் புத்தகம் போட, வீட்டுக்கு வீடு தொட்டி. கூடவே, 'செடியும் மீனும் சரியா வச்சா தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கும்'ங்கிற நம்பிக்கையும் பரவிச்சு. நான் விழுந்த குழி அதேதான்.

அந்த லூப்ல ஒரு பாகம் விட்டுப்போச்சு. மீனோட கழிவுலயும் அழுகுற இலையிலயும் இருந்து அம்மோனியா வரும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணியும் கலங்காது. ஆனா மீனைக் கொன்னுடும். வாரிங்டன் தொட்டி மட்டும் எப்படிப் பிழைச்சது? பெரிய பாத்திரம், ரெண்டே மீன், அம்மோனியாவை உறிஞ்சி வளர்ற செடி. சேத்தோட வேற ஒரு கூட்டமும் உள்ளே வந்திருக்கணும். அது அவருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்லை.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சது. வாரிங்டனுக்கு 1838ல பிறந்த ஒரு மகன். அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா தொட்டி வச்சப்போ பத்துப் பதினோரு வயசுப் பையன். அப்பாவோட ஆய்வுக்கூடத்துலதான் வேதியியல் கத்துக்கிட்டார். 1877ல பிரான்ஸ்ல ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ்னு ரெண்டு பேர், சாக்கடைத் தண்ணியை மணல் வழியா விட்டா அம்மோனியா நைட்ரேட்டா மாறுதுன்னும், குளோரோஃபார்ம் காட்டினா அந்த வேலை நின்னுடுதுன்னும் காட்டினாங்க. மயக்க மருந்துக்கு நிக்குதுன்னா, செய்யறது ஏதோ ஒரு உயிர்! மகன் வாரிங்டன் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துல இதைப் பல வருஷம் துருவினார். அம்மோனியா முதல்ல நைட்ரைட், அப்புறம் நைட்ரேட், ரெண்டும் தனித்தனி நுண்ணுயிர் செய்யற வேலைன்னு காட்டினார். அவற்றைத் தனியாப் பிரிச்சுக் காட்டின பெருமை மட்டும் 1890ல வினோகிராட்ஸ்கிக்குப் போச்சு.

மகன் ஆராய்ஞ்சது வயல் மண்ணை. ஆனா அப்பா தொட்டியில விட்டுப்போன விடை அதுதான். அதைப் பார்க்க அப்பா இல்லை, 1867லயே போயிட்டார்.

1949ல ஜேம்ஸ் ஆட்ஸ், 'சமநிலைத் தொட்டி' ஒரு கட்டுக்கதைன்னே கட்டுரை எழுதினார். மீனுக்கு ஆக்ஸிஜன் முக்கியமா தண்ணியோட மேற்பரப்பு வழியா வருதுங்கிறது அவர் வாதம். அதுக்காகச் செடி வீண் இல்லை. 1999ல டயானா வால்ஸ்டாட் எழுதின புத்தகம், சாதாரண மண்ணுல வளர்ற செடியே அம்மோனியாவை எப்படி இழுத்துக்குதுன்னு விளக்குது. செடி தானா ஓடுற மெஷின் இல்லை. நாம கவனிச்சா நம்ம கூட வேலை பார்க்கும், அவ்வளவுதான்.

சரி, புதுசா தொட்டி வைக்கிறவங்களுக்கு வரலாறு சொல்ற பாடம்:

செடியை முதல் நாளே நிறைய வைங்க. மீனை நாலஞ்சு வாரம் கழிச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. டெஸ்ட் கிட்ல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டணும். விளக்கு ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 மணி நேரம் போதும். அதுக்கு மேல போனா பாசிக்குத்தான் விருந்து. வாலிஸ்னேரியாவோட வேரைப் புதைங்க, இலை கிளம்புற குருத்தைப் புதைக்காதீங்க. பண்ணையில பல செடிகளைத் தண்ணிக்கு வெளியே வளர்க்கிறாங்க. அதனால பழைய இலை கரையறது சகஜம். வேர் உறுதியா இருந்தா பிடுங்காதீங்க. அழுகின இலையை மட்டும் எடுத்துடுங்க, இல்லைன்னா ரெண்டு நத்தை விடுங்க.

என் தொட்டியில கரைஞ்சுபோன செடி வேர்ல இருந்து துளிர் விட்டுடுச்சு. ஆறு வாரம் வெறும் செடியோட வச்சிருந்துட்டு, போன ஞாயித்துக்கிழமைதான் மூணு மீன் விட்டேன். அண்ணன் பொண்ணுக்கு அப்பா வாரிங்டன், மகன் வாரிங்டன் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப நம்ம மீனுக்கு அவசரப்பட்டுட்டோமா சித்தப்பா?"ன்னா.

ஆமாடா. அவசரப்பட்டது நான்தான்.