ஊருக்கு என்ன தேவை என்று யாரைக் கேட்பது?

பதிவு கொஞ்சம் நீளம். அவசரமில்லை, இரவு சாப்பாடு முடிந்ததும் நிதானமாகப் படியுங்கள்.

லண்டன் பிராட் தெருப் பம்பு கதையை என் வகுப்பில் கேட்காதவர்கள் குறைவு. 1854, ஆகஸ்ட் கடைசி. சோஹோ பகுதியில் காலரா. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், எந்தெந்த வீட்டில் சாவு விழுந்தது என்று குறித்துக்கொண்டே போய், பெரும்பாலும் ஒரே ஒரு தெருப் பம்பைச் சுற்றி இருப்பதைக் கண்டார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இந்த இடத்தில் சரியாக மணி அடித்துவிடும்.

மணி அடித்த பிறகு ஒரு பாதிக் கதை இருக்கிறது. அதே பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்று ஒரு உதவிப் பாதிரியார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் அவர் புறப்பட்டார். கல்யாணம், ஞானஸ்நானம், துக்கம் என்று அந்த வீடுகளுக்குள் ஏற்கெனவே போய் வந்து பழகியவர். அதனால் டாக்டரிடம் சொல்லாததை ஜனங்கள் இவரிடம் சொன்னார்கள். யார் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று ஒரே வீட்டுக்கே பல தடவை போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ சொன்னதே சரி என்று ஆகிவிட்டது. கடைசியில் பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை, கொள்ளைநோய் வெடிப்பதற்குச் சில நாள் முன்பே வயிற்றுப்போக்கில் விழுந்தது அவருக்குத் தெரியவந்தது. குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை அம்மா வீட்டு முன்னாலிருந்த மலக்குழியில் ஊற்றியிருக்கிறாள். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் கட்டு இற்றுப்போயிருக்கிறது. பம்புக் கிணறு அங்கிருந்து மூன்றடிகூட இல்லை. ஸ்னோ பம்பைக் கண்டுபிடித்தார். அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்க, அந்த வீட்டுக் கதவு யாருக்குத் திறக்குமோ அவர் வேண்டியிருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் பழைய மாணவர் குழுவில் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. பொங்கலுக்கு இலவச மருத்துவ முகாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் மெஷின் என்று பேச்சு. நல்ல மனசு, சந்தோஷம். ஊருக்கு எது தேவை என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "கூகுள் ஃபார்ம் அனுப்பினோம் சார், அறுபத்தோரு பேர் பதில் போட்டாங்க" என்றார் ஒரு தம்பி. பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அறுபத்தோரு பேரில் இன்றைக்கு ஊரில் குடியிருப்பவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் பெண்கள் இரண்டு பேர்.

மேலே இருந்து கணக்குப் போடுவது வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. சென்னை மாகாணம் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 1943-இல் ஜோசப் போர் தலைமையில் குழு அமைத்தார்கள். நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். 1946-இல் வந்த அந்த அறிக்கைதான், முதற்கட்டமாக நாற்பதாயிரம் பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று வரைந்து கொடுத்தது. இன்று நீங்கள் மெஷின் வாங்கித் தர நினைக்கும் கட்டடத்துக்கு மூலம் அதுதான். ஆனால் நாற்பதாயிரம் பேருக்கு ஒன்று என்பது ஒரு தேசத்துக்கான கணக்கு. கீழத்தெருவில் எந்த வீட்டில் என்ன குறை என்பது அந்தக் கணக்கில் வராது.

அது எப்படி வரும் என்பதற்கு ஜாம்கேட் கதையைச் சொல்கிறேன்.

ஜாம்கேட், மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டத்து ஊர். மாவட்டத்தின் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். வறட்சிக்கு நம் ராமநாதபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1970-இல் அங்கே ஒரு டாக்டர் தம்பதி வந்து சேர்ந்தார்கள். ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே. (ஆமாம், அதே பெயர்தான். சிரித்தது போதும்.) இருவரும் நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். அதற்கு முன்பு வடாலா என்ற ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்திருந்தார்கள். குணமாகி வீட்டுக்குப் போன குழந்தை அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்தார்கள். வருகிற நோய்களில் பெரும்பகுதி வராமலே தடுக்கக்கூடியவை என்று கணக்கும் சொன்னது. பிறகு அமெரிக்கா போய், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொது சுகாதாரம் படித்துவிட்டுத் திரும்பினார்கள். ஜாம்கேட்காரர்கள் இடம் என்று கொடுத்தது ஒரு பழைய கால்நடை மருந்தகம்.

இவ்வளவு படித்தவர்கள் ஒரு நீளமான கேள்வித்தாள் அடித்து, எந்த ஊரில் எத்தனை காசநோய், எத்தனை தொழுநோய் என்று எழுதிப்போயிருக்கலாம். அவர்கள் முதலில் ஊர்க்காரர்களையே கேட்டார்கள். டாக்டர் வேண்டும், ஊசி வேண்டும் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. தண்ணீர், சாப்பாடு என்றார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தை உலுக்கிய பஞ்சம் நினைவிருக்கும். டாக்டர்கள் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போட ஏற்பாடு செய்தார்கள். ஊர் சேர்ந்து சமைத்துக் குழந்தைகளுக்குப் போடும் கூடங்களுக்கு உதவினார்கள். பல ஊர்களில் கிணற்றுக்கான இடம் தலித் குடியிருப்புப் பக்கமே அமைந்தது. மற்றவர்களும் குடத்தோடு அங்கே வரவேண்டியதாயிற்று. பொதுக் கிணற்றில் அந்த ஜனங்கள் நீர் மொள்ள முடியாதிருந்த காலம் அது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதி வாரியாகப் பிரிந்து கிடந்த ஆண்களை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேச அவர்கள் பிடித்த வழி வாலிபால். ஆட்டம் முடிந்து வியர்வையோடு உட்காரும்போது பேச்சு தொடங்கும். பிற்பாடு உழவர் மன்றங்களாக வளர்ந்தது இந்தக் கூட்டம்தான். நம் பி.டி. வாத்தியார் படித்தால் மகிழ்வார்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. கிராமங்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பினார்கள். அது எடுபடவில்லை. வெளியூர்ப் பெண் தனியாக ஒரு கிராமத்தில் தங்குவது கஷ்டம், ஜனங்களும் அவரை அந்நியராகவே பார்த்தார்கள். அப்போது கிராமத்துத் தலைவர் ஒருவரே, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கினால் என்ன என்று யோசனை சொல்லியிருக்கிறார். அப்படியே ஒவ்வொரு ஊரும் தன் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தலித் பெண்கள். வாரந்தோறும் ஜாம்கேட் வந்து தங்கி, கற்றுக்கொண்டு திரும்பினார்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? எந்த வீட்டு மருமகள் நாள் தள்ளிப்போயிருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளைக்கு இரண்டு நாளாகப் போகிறது, யார் இருமலை மறைக்கிறான், யாருடைய முதுகில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். காசநோயும் தொழுநோயும் வெளியில் சொல்ல வெட்கப்படும் நோய்கள். ஜீப்பில் வந்து இறங்குபவரிடம் அது வாயைவிட்டு வராது. சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைப் பேதியாகும் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று, அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து அவளால் காட்ட முடியும்.

இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்ட கை இது. எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் சிலர் மாதாமாதம் மூன்று நாள் வரமாட்டார்கள். வந்தால் "காய்ச்சல் சார்" என்பார்கள். எனக்கும் காய்ச்சல் என்றுதான் தெரியும். சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மா ஒரே வாரத்தில் காரணத்தைக் கேட்டு வந்து சொன்னார். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. ஒரு பிளம்பரும் ஒரு தச்சரும் ஒரு நாள் வேலை செய்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அந்தப் பள்ளியில் பெரிய மருத்துவ முகாம் நடத்தி எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

ஜாம்கேட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1971-இல் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயதுக்குள் இறந்தன. ஏறக்குறைய ஆறில் ஒன்று. தொண்ணூறுகளில் அது முப்பதுக்கும் கீழே வந்தது. இது அந்தத் திட்டத்தாரே எடுத்த கணக்கு. அதோடு, நாடு முழுவதும் அந்தக் காலத்தில் குறைந்துகொண்டுதான் இருந்தது: 1971-இல் 129, 1991-இல் 80. ஆனால் நாட்டுச் சராசரியைவிட மோசமான இடத்தில் தொடங்கிய ஒரு வறண்ட பகுதி, சராசரியைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது என்றால் அதைப் பொதுப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட்டும் இடம்பெற்றது. 1978-இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றிப் பேசியபோது முன்னுதாரணமாக இருந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. 1979-இல் தம்பதிக்கு மகசேசே விருது.

ஆரோலே தம்பதி ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று இருக்கவில்லை. ஜாம்கேட்டில் அறுவை சிகிச்சையோடு ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள். ஆகவே ஸ்கேன் மெஷினுக்கு நான் எதிரி என்று குழுவில் யாரும் கிளப்பிவிட வேண்டாம். விசாரித்த பிறகு மெஷின்தான் முதல் தேவை என்று வந்தால் என் ஒரு மாதப் பென்ஷனும் அதற்குத்தான். ஆனால் மெஷினை ஓட்ட ஆள் போட்டிருக்கிறார்களா என்று நிலையத்து டாக்டரிடம் இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் வீடு வீடாகப் போகும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள்தான் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். கிராம செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடி டீச்சர் இருக்கிறார். இவர்கள் நாலைந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துக் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும். மீதிக்கு வீடு வீடாகப் போகவேண்டும். கேள்விகள் பத்துக்கு மேல் வேண்டாம். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போன வருடம் வீட்டில் யார் படுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எதில் போனீர்கள், எவ்வளவு கடன் ஆயிற்று என்கிற மாதிரி. கேட்பவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். காலனியில் தொடங்கி மேலத்தெருவுக்கு வருவோம்.

மெஷினுக்கு முன்பணம் கட்டுவதை மாசி வரை நிறுத்திவைக்கும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். விசாரிக்க வரக்கூடியவர்கள் கீழே பெயரும் எந்தத் தெரு என்பதும் எழுதுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அம்மாவையோ அத்தையையோ அனுப்பினாலும் சரி.