சூரிய ஒளியும் இருதயமும்



1896-ஆம் ஆண்டு பம்பாய் நகரைப் பிளேக் நோய் பீடித்தது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றிற்று. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற வீதிகளுக்கு வழிகோலியது அதுவே. உத்தியோகம் நாடி வந்த நம்மவர் பலர் பிற்காலத்தில் குடியேறியதும் அங்கேதான்.

டிரஸ்டின் தலைவர் ஜே. பி. ஆர் 1912-இல் வீடுகளில் ஒளியும் காற்றும் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் வற்புறுத்தியது 63½ பாகை விதி. அறைக்கு எதிரேயுள்ள கட்டடம், இடைவெளியின் அகலத்தைப்போல் இரு மடங்குக்குமேல் உயரலாகாது என்பது அதன் சாரம். நோய்க்கிருமிகளை ஒழிப்பதே அன்றைய நோக்கம். விட்டமின் ‘டி’ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயிலால் உடலில் அச்சத்து உண்டாவதில்லை என்பதும் பின்னர் தெரியவந்த செய்தி. தாராவியின் சந்துகளிலோ, நடுப்பகலிலும் விளக்கேற்ற வேண்டிய வீடுகள் இன்றும் உள.

அச்சத்துக்கு மக்காலம் பெயரிட்ட 1922-ஆம் ஆண்டிலேயே, ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் நாசிக்கில் கண்டதை வெளியிட்டனர். எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய், நல்லுணவு உண்டும் வீட்டினுள்ளேயே அடைபட்டிருந்த வசதியுள்ளோரின் மகவுகளிடம் மிகுந்திருந்தது. வெயிலில் உழைத்த ஏழைகளின் மகவுகளிடம் அரிதாயிருந்தது. செல்வம் தந்த திரைச்சீலையே எலும்பைக் கெடுத்தது எனலாம்.

எலும்பின் கதை இவ்வாறிருக்க, இருதயம் எங்ஙனம் இதில் நுழைந்தது? குளிர்காலத்தில் இருதய நோயால் மரணங்கள் பெருகுவதைக் கண்ட ராபர்ட் ஸ்கிராக், வெயில் குறைவதும் ஒரு காரணமோ என 1981-இல் வினவினார். 2008-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு, அச்சத்து குறைந்தோரிடம் இருதய நோய் மிகுதி என்றது. மாத்திரை வாணிகம் தழைக்க இவை போதுமாயிருந்தன.

நாம் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நோயாளி வெளியே நடமாடுவதில்லை. உடல் பருத்தோரிடம் அச்சத்து கொழுப்பில் தங்கிவிடுகிறது. எனவே குறைவு என்பது நோயின் காரணமாயிராமல் அடையாளமாகவும் இருக்கலாம். இதைத் தெளிய ஒரே வழி, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்குப் போலி மாத்திரையும் தந்து பார்ப்பது. ஸ்கிராக் அவர்களே நியூசிலாந்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அதைச் செய்தார். மாதந்தோறும் ஒரு லட்சம் யூனிட் தந்தும் இருதய நோய் குறையவில்லை என 2017-இல் வெளியாயிற்று. தம் வினாவுக்குத் தாமே பாதகமான விடையை வெளியிட்ட நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம். அமெரிக்காவில் 25,871 பேர் நாளொன்றுக்கு 2,000 யூனிட்டோ போலி மாத்திரையோ ஐந்தாண்டுக்குமேல் உட்கொண்ட ஆய்வும் அவ்வாறே முடிந்தது. 2023-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு மட்டும் சிறு நன்மை இருக்கக்கூடும் எனக் காட்டிற்று, அதுவும் உறுதியாகவில்லை.

எலும்புக்கு இச்சத்து இன்றியமையாதது. குறைபாடு கண்டோருக்கு மருந்தும் அவசியமே. ஆயின் நம் நாட்டில் வாரம் ஒன்றாக எழுதித் தரப்படும் 60,000 யூனிட் பொட்டலத்தை, இருதயத்துக்கு நல்லதென்று மாதக்கணக்கில் தாமே வாங்கி உண்போரும் உளர். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். இருதயத் துடிப்பும் தடுமாறும். ஆரோக்கியமான நடுவயதினர் வழக்கமாக அன்றாடத் தேவைக்கு மேற்பட்டு இதை உண்ண வேண்டுவதில்லை என அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-இல் அறிவித்துள்ளது.