போவிக் கத்தியின் பூர்விகம்: ரெசின் போவியின் கடிதமும் ரேமண்ட் தார்ப்பின் முடிபும்

அமெரிக்கக் கைவினைக் கொல்லர்கள் இன்றும் அடித்து உருவாக்கும் பெரிய போவிக் கத்தியை மூன்று உறுப்புகளைக் கொண்டு அடையாளங்காண்பது வழக்கம். ஒரு சாண் அளவோ அதற்கு மேலோ நீளும் அகன்ற அலகு ஒன்று. அலகின் முதுகு நுனியை நெருங்குமிடத்தில் உட்குழிந்து இறங்கும் குழிமுனை மற்றொன்று. பிடிக்கும் அலகுக்கும் இடையே நின்று விரல்களைக் காக்கும் குறுக்குக் காப்பு மூன்றாவது. இம்மூன்றும் ஒரே காலத்தில், ஒரே கொல்லனின் உலைக்களத்தில், ஒரே வீரனின் வேண்டுகோளுக்கு இணங்க ஒருங்கே தோன்றின என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சி நூலின் கௌரவத்தை அளித்தவர் ரேமண்ட் தார்ப் ஆவார். 1948-இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல், சிதறிக் கிடந்த செய்திகளைத் தொகுத்த வகையில் நன்றியுடன் போற்றத்தக்கது; எனினும் அதன் மையமான முடிபு சான்றுகளின் பாரத்தைத் தாங்கி நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தார்ப்பின் கொள்கை வருமாறு: கத்திக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் போவி 1830-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்க்கன்சாவின் வாஷிங்டன் என்னும் சிற்றூருக்கு வந்து, அங்கு கொல்லுத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பிளாக் என்பவரிடம் மரத்தில் செதுக்கிய மாதிரி ஒன்றைக் கொடுத்துக் கத்தி செய்யப் பணித்தார், பிளாக் அம்மாதிரிப்படி ஒன்றும், தம் சொந்தக் கற்பனைப்படி மற்றொன்றும் அடித்து வைத்தார், போவி இரண்டாவதையே விரும்பி எடுத்துச் சென்றார், மெய்யான போவிக் கத்தி அதுவே. இக்கதைக்கு முதன்மையான மூலம், 1897 முதல் 1901 வரை ஆர்க்கன்சா மாநிலத்தின் ஆளுநராயிருந்த டேனியல் வெப்ஸ்டர் ஜோன்ஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு. பார்வையிழந்த பிளாக் தம் முதுமைக்காலத்தை ஜோன்ஸ் குடும்பத்தாரின் இல்லத்திலேயே கழித்தவர். எஃகைப் பதப்படுத்தும் ரகசியம் ஒன்று அவரிடம் இருந்ததென்றும், 1870-இல் தம் எழுபதாம் பிறந்தநாளன்று அதை ஜோன்ஸுக்கு உபதேசிக்க முயன்று, நினைவு கூடாமல் கலங்கிப்போனாரென்றும் அக்குறிப்பு கூறுகிறது. 1872-இல் பிளாக் காலமானார்.

இச்சாட்சியத்தின் தன்மையைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். கத்தி செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்தில் ஜோன்ஸ் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1839-இல். அவர் கேட்டது, முதுமையில் நினைவு தளர்ந்த ஒருவரின் வாய்மொழி. அதை ஏட்டில் எழுதியதோ பிளாக் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. செயலுக்கும் எழுத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகள் விழுந்துவிட்ட ஒரு செய்தியில், நாளும் மாதிரியும் உரையாடலும் இத்தனை துலக்கமாக அமைந்திருப்பதே ஐயத்துக்கு இடமளிக்கிறது. தார்ப் அத்துலக்கத்தையே உண்மையின் முத்திரையாகக் கொண்டார். தக்க பாத்திரங்களும் சோகமான முடிவும் ஒருங்கே வாய்த்த கதை, ஆராய்ச்சியாளனையும் மயக்கவல்லது.

எனினும் தார்ப்பின் பக்கத்தில் வலிமையான சான்று ஒன்று உண்டு என்பதை மறைத்தல் நியாயமன்று. 1841 டிசம்பரில் வாஷிங்டன் ஊரின் செய்தித்தாளாகிய ‘வாஷிங்டன் டெலிகிராஃப்’, இக்கத்தியைச் செய்தவர் பிளாக்கே என்று குறிப்பிட்டது. பிளாக் உயிருடனிருந்த காலத்தில், அவருடைய ஊரிலேயே அச்சேறிய செய்தி இது. ஆகவே பிளாக் சிறந்த கொல்லர் என்பதையும், போவிக்கு ஒரு கத்தி செய்து கொடுத்திருக்கக்கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அச்செய்தி வெளிவந்தபோது அலமோ கோட்டையில் ஜேம்ஸ் போவி மாண்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கத்தியின் பெயர் நாடெங்கும் பிரசித்தமாகிவிட்டது. புகழ் பெற்ற பொருளுக்குத் தம் ஊரைப் பிறப்பிடமாக்கிக்கொள்ளும் ஆவல் எந்த ஊர்ப் பத்திரிகைக்கும் இயல்பே.

அச்செய்திக்கு மூன்றாண்டு முன்னதாக, 1838 ஆகஸ்டு 24 என்று தேதியிட்டு, ஜேம்ஸின் தமையனார் ரெசின் போவி பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் போவிக் கத்தியை லூசியானாவின் அவொயெல் வட்டாரத்தில் தாமே செய்ததாகவும், அது வேட்டைக்கென்றே உண்டாக்கப்பட்டுப் பல ஆண்டுகள் அவ்வாறே பயன்பட்டதாகவும், அலகின் நீளம் 9¼ அங்குலம், அகலம் 1½ அங்குலம், கூர் ஒரு புறம் மட்டுமே, அலகில் வளைவில்லை எனவும் அவர் அதில் தெரிவிக்கிறார். தம்பியை ஒருவன் சுட்டதனால், மீண்டும் தாக்குதல் நேரலாமென அஞ்சித் தற்காப்புக்காக அக்கத்தியை அவருக்குக் கொடுத்ததாகவும் அவர் எழுதுகிறார். 1827 செப்டம்பர் 19 அன்று நாட்செஸ் நகருக்கெதிரே மிசிசிப்பி ஆற்று மணல்மேட்டில் நிகழ்ந்த கைகலப்பில், குண்டடியும் வாள்குத்தும் பட்டுக் கிடந்த ஜேம்ஸ் போவி நாரிஸ் ரைட்டைக் கொன்றது பெரிய கத்தியொன்றினால் என்பது யாவரும் அறிந்ததே.

ரெசினின் கடிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றல் ஆகாது. தம் குடும்பத்தார் கலகப் பிரியர்கள் என்ற பழியைத் துடைக்கும் நோக்கம் அவருக்கு இருந்தது. கொலைக் கருவியை வேட்டைக் கருவி என்று சொல்வதில் அவருக்கு ஆதாயம் உண்டு. ‘நானே செய்தேன்’ என்பதும், குடும்ப ஐதிகத்தின்படி, ஜெஸ்ஸி கிளிஃப்ட் என்னும் கொல்லர் பழைய அரம் ஒன்றிலிருந்து அடித்ததைக் குறித்திருக்கலாம். ஆனால் தார்ப் போதிய கவனம் செலுத்தாத ஒரு பகுதி அக்கடிதத்தின் இறுதியில் இருக்கிறது: பிற்காலத்தில் தேர்ந்த கத்தி வினைஞர்கள் அதனை அடைவித்த செம்மை தம்மால் நேர்ந்ததன்று என்று ரெசின் ஒப்புக்கொள்கிறார். புகழுக்கு ஏங்கியவன் எழுதும் வாக்கியமா இது? 1838-க்குள்ளாகவே கத்தி பலர் கைப்பட்டு மாறிவிட்டது என்பதை, அதன் முதல் உரிமை கோரியவரே சாட்சியாகச் சொல்கிறார். ஒரே உலையில் ஒரே நாளில் முற்றுப்பெற்ற பிறப்பு என்னும் கொள்கைக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நான் மிகுதியும் சார்ந்து நிற்பது ஒரு சிறு சாசனத்தை. பேட்டன் ரூஜ் நகரத்துத் துப்பாக்கி வினைஞர் டேனியல் சியர்ல்ஸ் செய்து, அலமோ நினைவகச் சேகரிப்பில் பேணப்படும் கத்தியில், ஆர். பி. போவி (ரெசின்) எச். டபிள்யூ. ஃபவுலருக்கு அளித்தது என்ற கருத்துப்பட எழுத்துகள் பொறிக்கப்பட்டு, ஃபவுலரின் பெயரையடுத்து யு. எஸ். டி. என்னும் மூன்றெழுத்துகள் நிற்கின்றன. அவை அமெரிக்க டிராகூன் குதிரைப்படையைக் குறிப்பவை. பழைய டிராகூன்கள் 1815-இல் கலைக்கப்பட்டன. புதிய படைப்பிரிவு 1833 மார்ச்சு மாதத்துச் சட்டத்தினால்தான் ஏற்பட்டது. ரெசின் இறந்தது 1841 ஜனவரியில். எனவே இப்பொறிப்பு 1833-க்கு முற்பட்டதாகாது, 1841-க்குப் பிற்பட்டதுமாகாது. இந்த எட்டாண்டு எல்லையை மேலும் சுருக்கப் பொறிப்பிலேயே இடமில்லை. ஆயினும் நம் வாதத்துக்கு இவ்வளவே போதும். தார்ப்பின் கணக்குப்படி செம்மையான வடிவம் 1831-க்குள் தோன்றிவிட்டது. அதற்குப் பின்னரும் போவி குடும்பத்தவராகிய ரெசின், தம் பெயர் பொறித்து ஓர் இராணுவ அதிகாரிக்குப் பரிசளிக்கத் தேர்ந்தெடுத்தது, பெரிய குறுக்குக் காப்பில்லாத, முதுகு நேராக ஓடும் எளிய அலகையே. பரிசளித்தவரின் சுவையன்றிச் செய்தவரின் சுவையே அதில் வெளிப்பட்டது என்று எதிர்வாதம் செய்யலாம். அப்படியே கொண்டாலும், அக்குடும்பம் போவிக் கத்தி என்று கொடுப்பதற்கு அவ்விரு உறுப்புகளும் இன்றியமையாதன அல்ல என்பது நிலைநிற்கும்.

லிட்டில் ராக்கிலுள்ள ஆர்க்கன்சா வரலாற்று அருங்காட்சியகத்தில், ‘போவி எண் 1’ என்று பொறித்த கத்தியொன்று பிளாக்கின் கைவேலை எனக் கருதப்படுகிறது. ஆனால் அதில் செய்தவர் பெயரில்லை. எண்ணும் எப்போது, எவரால் பொறிக்கப்பட்டதென்று அப்பொறிப்பு சொல்லவில்லை. பெயரில்லாத கத்தியைக் கொண்டு பெயரை நிறுவுவதினும், பெயரும் பதவியும் தாங்கிய கத்தியைக் கொண்டு காலத்தை நிறுவுவதே உறுதியான வழி.

அப்படியாயின், நாம் இன்று காணும் உருவம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சந்தையிலிருந்து என்பதே என் அபிப்பிராயம். 1837-இல் அலபாமா சட்டமன்றம் இக்கத்தியின் விற்பனைமீது 100 டாலர் வரி விதித்ததும், அடுத்த ஆண்டு டென்னெசி அதன் விற்பனையையே தடுத்ததும், 1837 டிசம்பரில் ஆர்க்கன்சா சட்டமன்ற அவைக்குள்ளேயே அவைத்தலைவர் ஜான் வில்சன் உறுப்பினர் ஒருவரை இக்கத்தியால் கொன்றதும், அதன் பெயர் எத்துணை விரைவாகப் பரவியது என்பதைக் காட்டும். அப்பெயரை விற்பனைப் பொருளாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தார். வோஸ்டன்ஹோம் முதலிய ஆலையார், ஜெர்மன் சில்வர் பூணும், அலகில் ‘வேடனின் தோழன்’ போன்ற வாசகங்களும் அமைத்துக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு அனுப்பினர். குழிமுனையும் காப்பும் பொதுவிதியாக உறைந்தது இவ்வணிகத்தில்தான் என்று கொள்வது பொருந்தும். அதற்குத் திட்டமான ஆண்டு குறித்தல் இயலாது.

இந்த வரலாறு பெரிய கத்தியைக் காட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோருக்கும் பயன்படுவது. 1976-இல் தோன்றிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம், முதல் நிலைத் தேர்வுக்கு வைக்கும் கத்தியின் அலகு 10 அங்குல நீளத்தையும் 2 அங்குல அகலத்தையும் மிஞ்சக்கூடாது என வரையறுக்கிறது. அது தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதன்பின்னும் கைமயிரை மழிக்க வேண்டும், இறுதியாகத் தொண்ணூறு பாகை வளைத்தும் ஒடியாதிருத்தல் வேண்டும். கூர்ப்பக்கம் கடினமாகவும் முதுகு நெகிழ்வாகவும் பதம் பெற்ற அலகே இத்தேர்வில் தேறும். ஆகவே வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது பதத்தை. அடுத்து, அலகின் கனம் பிடியருகே மிகுந்து நுனியை நோக்கிப் படிப்படியாக மெலிகிறதா என்பதை. பின்னர், ஈரக்கையிலும் வழுக்காத பிடியை. முனையின் குழிவும் காப்பின் அளவும் விறகு பிளக்கவும் புதர் வெட்டவும் பெரிதாக உதவுவன அல்ல. ரெசின் போவி வேட்டைக்கென எண்ணிய எளிய அலகை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுப்போர் ஏமாற்றமடையார் என்பதே என் துணிபு.