லண்டனிலிருந்து கேப் டவுன்: கடைசி எல்லை யாருக்குத் திறந்தது?

மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றும் சோடிகளின் வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூகுள் மேப்பும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் ஒரே வண்டியில் ஆப்பிரிக்காவின் வடக்கிலிருந்து தெற்குவரை போன இரண்டு பெண்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் இருவரும் ஆங்கிலேயப் பெண்கள். வாலக் உதவித்தொகை பெற்று லண்டனில் பொறியியல் படித்தவர். பிளென்கிரன் 1934-இல் ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி, அதற்கான தங்க நட்சத்திரத்தைப் பெற்றவர். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். வண்டி பாந்தர், ஒற்றை சிலிண்டர், 600 சிசி. பக்கத்தில் சைட்கார், பின்னால் ஒரு டிரெய்லர். திசைகாட்டி இல்லை.

பிரான்சைக் கடந்து, கடல் தாண்டி அல்ஜீரியா. அங்கிருந்து நேராக சகாரா. மணலில் வண்டி புதையும். தோண்டி எடுத்து, தள்ளி, மறுபடி ஓட்ட வேண்டும். பாலைவனத்தில் எஞ்சின் பழுதானது. நைஜரில் உள்ள அகாதேஸ் ஊரில் அதைப் பிரித்துச் சரிசெய்தார்கள்.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். வழக்கமான மோட்டார் சைக்கிளில் ஃப்ரேம் தனி, எஞ்சின் தனி. பாந்தரில் ஃப்ரேமின் முன்பக்கம் கீழிறங்கும் குழாய் கிடையாது. சாய்வாகப் பொருத்திய எஞ்சினே அந்தக் குழாயின் வேலையைச் செய்து பாரத்தைத் தாங்குகிறது. எஞ்சினைக் கழற்றினால் வண்டியே இரண்டாகிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை வெயிலில், நல்ல பட்டறை இல்லாத ஊரில் பிரித்துப் பூட்டுவது சின்ன வேலை இல்லை. "பெண்களால் முடியுமா?" என்று கேட்ட காலத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அந்த எஞ்சின்தான்.

பிறகு நைஜீரியா, காங்கோ, கிழக்கு ஆப்பிரிக்கா, ரொடீசியா. கடைசியில் தென்னாப்பிரிக்கா. 1935 ஜூலை 29 அன்று கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். ஏழரை மாதப் பயணம்.

வரைபடத்தில் அந்தப் பாதையைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐரோப்பியக் காலனிகளாக இருந்தது. அவர்கள் கடந்த நிலங்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு, பெல்ஜிய, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவை. சகாராவுக்குள் போக பிரெஞ்சு அதிகாரிகளின் அனுமதி தேவைப்பட்டது. ஆனால் கேட்டால் கிடைக்கக்கூடிய அனுமதி அது.

இப்போது அந்தக் கடைசிப் பகுதிக்கு வருவோம். அவர்கள் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது அங்கே நம்மவர்கள் ஏற்கெனவே 75 ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்கள் அவர்களுடைய உழைப்பில் வளர்ந்தவை.

ஆனால் 1935-இல் நேட்டாலில் பிறந்த ஒரு தமிழர், பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலுக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1913-இன் குடியேற்றச் சட்டம் அப்படி. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே 1891 முதல் தடை. டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க் சாலைவழி சுமார் 570 கிலோமீட்டர்; இன்று ஒரு பகலில் ஓட்டிவிடலாம். கண்டத்தையே கடந்த அந்த மோட்டார் சைக்கிளை ஒரு டர்பன் தமிழரிடம் கொடுத்திருந்தாலும், கையில் தாள் இல்லாமல் அந்த 570 கிலோமீட்டரை அவர் ஓட்டியிருக்க முடியாது.

அந்த எல்லையை அனுமதி இல்லாமல் கடந்த பெண்கள் இருந்தார்கள். 1913 போராட்டத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் நேட்டாலுக்குள் போய், நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். தலைவரித் திணிப்பு, நம் திருமணங்களைச் செல்லாதவை என்ற தீர்ப்பு, இந்த எல்லைக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் எதிர்த்த போராட்டம் அது. பல பெண்கள் சிறை சென்றார்கள். ஜோகனஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையாகிச் சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளை.

இதைச் சொல்வதால் வாலக்கின், பிளென்கிரனின் துணிச்சல் குறைந்துவிடாது. வாலக் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோனார். பிறகு அமெரிக்காவில் குடியேறி, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1999-இல், தன் 90-ஆவது பிறந்தநாளில் இறந்தார். பாலைவனத்தில் அவர் பூட்டிய எஞ்சினை எந்தப் பாஸ்போர்ட்டும் பூட்டித் தரவில்லை. ஆனால் எல்லையில் கம்பத்தைத் தூக்கிவிட்டது அந்தப் பாஸ்போர்ட். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இன்று நம்மில் பலரிடம் வலுவான பாஸ்போர்ட் இருக்கிறது. விசா கேட்காமலே பல நாடுகள் உள்ளே விடுகின்றன. அடுத்த முறை பயணம் கிளம்பும்போது வீட்டில் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த எல்லையில், எந்தத் தாளுக்காக, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? பதிலை எழுதி வையுங்கள். வாலக்கின் பயணநூல் அவர் இறந்த பிறகு, 2001-இல்தான் அச்சாகி வந்தது. நேட்டாலின் அந்த மாகாண எல்லையில் சீட்டுக்காக நின்றவர்களில் எத்தனையோ பேர் எதையும் எழுதி வைக்காமலே போய்விட்டார்கள்.