கூலி நெல்லும் விலைவாசிக் கணக்கும்

டவுன்ல வேலை பாக்குற நம்ம உறவுகளுக்கு அகவிலைப்படி தெரியும். விலைவாசி ஏறினா சம்பளமும் கொஞ்சம் ஏறும். காட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டுங்கறது பல பேருக்குத் தெரியாது.

முந்தி அந்தக் கணக்கே தேவைப்படல. அரும்பாவூர் பக்கம் பச்சைமலை அடிவாரத்துல ஏரிப் பாசனத்துக்கு நெல்லு, மேட்டுக்காட்டுல சோளம், வரகு. அறுப்புக் கூலியைக் களத்துலயே மரக்கால்ல அளந்து போட்டுடுவாங்க. நெல்லு விலை ஏறினாலும் இறங்கினாலும் மரக்கா மரக்காதான். மழை பொய்ச்சா வேலையும் இல்ல கூலியும் இல்ல, அது வேற கஷ்டம்.

கூலி காசா மாறுனதும் கேள்வி வந்துச்சு. இந்தக் காசுக்குப் போன வருஷம் வாங்கினதை இந்த வருஷம் வாங்க முடியுதா? அதுக்கு முதல்ல, ஒரு குடும்பம் எதுக்கு எவ்வளவு செலவு பண்ணுதுன்னு தெரியணும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, இருவேல்பட்டு மாதிரி ஊர்களோட வாழ்க்கையை எழுத வச்சு, 1918-ல புத்தகமா கொண்டுவந்தார்.

விவசாயத் தொழிலாளருக்கான விலைக் குறியீட்டை சிம்லாவுல இருக்கிற மத்திய தொழிலாளர் செயலகம் போடுது. முறை இதுதான்: கணக்கெடுப்பு நடத்தி, 100 ரூபா செலவுல அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவுன்னு ஒரு கூடை கட்டுவாங்க. அப்புறம் மாசாமாசம் கிராமத்துக் கடையில விலை கேட்டு, அதே கூடைக்கு எவ்வளவு ஆகுதுன்னு பாப்பாங்க.

1986-87-ஐ அடிப்படை ஆண்டா வச்ச குறியீடு 1995 நவம்பர்ல வந்துச்சு. அதுக்குக் கூடை கட்டினது 1983 கணக்கெடுப்புல. சாப்பாட்டுக்கு மட்டும் சுமார் 69 பங்கு. சாப்பாட்டுச் சாமான் 10 சதவீதம் ஏறினா குறியீடு 6.9 ஏறும். மத்ததெல்லாம், பஸ், மருந்து, படிப்பு, துணி, 10 சதவீதம் ஏறினாலும் 3.1 தான் ஏறும். சாப்பாட்டு விலை எகிறுற வருஷம் கணக்கு கூடுதலா காட்டும். அது அடங்கி, ஆஸ்பத்திரிச் செலவும் ஸ்கூல் ஃபீஸும் ஏறுற வருஷம் குறைச்சலா காட்டும்.

2011 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக் கூலியை இந்தக் குறியீட்டை வச்சுத்தான் ஏத்தினாங்க. 1983-ல கிராமத்துல செல்போன் ஏது? ரீசார்ஜ் செலவு அந்தக் கூடையில எப்படி இருக்கும்? இதை விட்டுட்டு, புதுசான ஊரக நுகர்வோர் குறியீட்டுக்கு மாறுங்கன்னு நாகேஷ் சிங் குழு 2017-ல சொல்லிப் பாத்துச்சு.

இதே சிம்லா செயலகந்தான் ஆலைத் தொழிலாளர் குறியீட்டையும் போடுது. மத்திய அரசு ஊழியர் அகவிலைப்படி அதை வச்சுத்தான். அதோட அடிப்படை ஆண்டு 1982-லிருந்து 2001-க்கும், அப்புறம் 2016-க்கும் மாறிடுச்சு. 2016 கூடையில சாப்பாட்டுக்குச் சுமார் 39 பங்குதான். காட்டு வேலைக்காரங்க கூடை மட்டும் 2025 வரைக்கும் பழசாவே கிடந்துச்சு. அந்த வருஷம் ஜூலையிலதான் 2019-ஐ அடிப்படையா வச்ச புதுக் குறியீடு வந்துச்சு. விலை கேக்குற ஊரும் 600-லிருந்து 787 ஆச்சு.

இனிமே டிவியில விலைவாசி இத்தனை சதவீதம்னு சொன்னா, அது யார் வீட்டுக் கூடை, எந்த வருஷம் கட்டினதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. களத்துல மரக்காலை எல்லாரும் கண்ணால பாத்தாங்க. இந்தக் கூடை கூலிக்காரங்க கண்ணுல படுறதே இல்ல.