கிணற்றடியில் சந்திக்கும் நான்கு பாடங்கள்

எனது பெரியம்மாவின் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்து, இருபது வருடங்களுக்கும் மேலாக முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு அவர் திரும்பியபோது வீடு இருக்கவில்லை. பற்றை மண்டிய காணியில் அவருக்கு அடையாளம் காட்டியது கிணறு மட்டும்தான். அதை இறைத்துத் துப்புரவாக்கி, ஊறிவந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, “அதே ருசி” என்றார்.

அவரது பேரப்பிள்ளைக்கு மூன்று மாதமானபோது அந்த நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. பெரியம்மா நம்பவில்லை. “கொதிக்க வச்சுத்தானே பால்மா கரைக்கிறம். பிறகென்ன?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பாடம் போதவில்லை. பாடசாலையில் இரசாயனவியல், உயிரியல், புவியியல், சுற்றாடல் என்று தனித்தனிக் கொப்பிகளில் எழுதியதெல்லாம் ஒரே கிணற்றுக்குள் கிடந்தது.

பாறை

யாழ். குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அந்தக் காலம் ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் படிந்து இறுகியதே இந்தக் கல். இரசாயனத்தில் அதன் பெயர் கல்சியங் காபனேற்று.

மழைநீர் வளியிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டிலிருந்தும் மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லை மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்குகிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இந்த வேலையின் விளைவுகளே. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் அதுதான். கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த கல் மறுபடி கல்லாகிறது.

தண்ணீர்

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் மாரி மழை நிலத்துக்குள் இறங்கிச் சேர்ந்த நீரையே. அந்த நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதுதான் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மேல்மட்டம் ஓர் அடி இறங்கும்படி இறைத்துக்கொண்டே போனால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி வரை ஏறக்கூடும். நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்தான்.

மண்ணும் பற்றீரியாவும்

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியா மண்ணில் அமோனியமாக மாறுகிறது. அதை நைத்திரோசோமோனசு போன்ற பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், நைத்திரோபற்றர் போன்றவை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிருக்கு வேண்டியது இதுதான். பயிர் எடுத்தது போக மிஞ்சுவதுதான் பிரச்சினை. நைத்திரேற்று எதிர் ஏற்றம் கொண்டது, களித் துணிக்கைகளும் பெரும்பாலும் அப்படியே. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழையோடும் இறைப்போடும் கீழிறங்கி, கல்லின் வெடிப்புகளால் நிலத்தடி நீருக்குப் போய்விடுகிறது.

மலக்குழியிலிருந்து இறங்குவதும் இதே வழியில்தான் போகிறது. மீள்குடியேறியபின் பிள்ளைகளுக்குக் காணி பிரித்துக் கொடுத்ததில் பெரியம்மாவின் கிணற்றைச் சுற்றி இப்போது மூன்று மலசலகூடங்கள். அடியில் இருப்பது மணல் அல்ல, வெடித்த கல். அது வடிகட்டுவதில்லை.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இதை வேறு விதமாகக் கண்டோம். ஓரிடத்தில் விடப்பட்டது அந்த இடத்தோடு நிற்கவில்லை. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், வழக்கும் நடந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ருசியுமில்லை. பெரியம்மாவின் “அதே ருசி” பொய்யல்ல. ஆனால் அது சான்றுமல்ல.

பிள்ளையின் உடல்

உடலுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் காவமுடியாத வடிவத்துக்கு மாற்றுகிறது. வளர்ந்தவர்களின் உடல் இதைச் சரிசெய்துகொள்ளும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த வல்லமை போதாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நீலக்குழந்தை நோய் என்பார்கள். கொதிக்க வைத்தால் பற்றீரியா சாகும், ஆனால் நைத்திரேற்று ஆவியாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான்.

செய்யக்கூடியது

கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்று நீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். நைத்திரேற்று என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுவே பாதுகாப்பு. பால்மா என்றால் பரிசோதித்த வேறு நீரில் கரையுங்கள். யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள், பெருமழைக்கு முன் போடாதீர்கள். புதிதாகக் கட்டும் மலசலகூடத்துக்கு அடி மூடிய சீமெந்துத் தொட்டி கட்டுங்கள், நிறைந்தால் அள்ளுவியுங்கள். ஊர்க் குளத்தையும் கேணியையும் குப்பை போட்டு மூடவிடாதீர்கள். மாரித் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும் வாசல்கள் அவை.

பேரப்பிள்ளைக்கு இப்போது வேறு இடத்திலிருந்து தண்ணீர் வருகிறது. மலக்குழியை மாற்றிக் கட்ட பெரியம்மா மேசனோடு கதைத்திருக்கிறார். அன்று கிணற்றுக்கட்டில் இருந்தபடி, “நாங்கள் இல்லாத காலத்தில இந்தத் தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கும், என்ன?” என்று கேட்டார். இருந்திருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் குடிக்க நாங்கள் இருக்கவில்லை. இனி நாங்களும் இருக்கவேண்டும், தண்ணீரும் நல்லதாக இருக்கவேண்டும்.