படலையைத் தட்டிய வியாபாரிகளும் கொழும்பின் விதிகளும்

கொழும்பில் வீடுவீடாகச் சென்று விற்போரையும் இரப்போரையும் கடன் கொடுப்போரையும் பற்றிய விதிகள் ஒரே சட்டத்தில் அடங்கியவையல்ல; அவை பல காலத்துக் கட்டளைச் சட்டங்களில், அதாவது காலனித்துவச் சட்டசபை இயற்றிய சட்டங்களில், சிதறிக் கிடக்கின்றன. பிரித்தானியாவில் கால்நடையாகச் சென்று விற்போர் பொலிசாரிடம் சான்றிதழ் பெறவேண்டும் என்று 1871 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இலங்கையில் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், உழைக்கக்கூடிய உடலுடையோர் தெருவில் இரப்பதைக் குற்றமாக்கியது. மத குருமாரும் நேர்த்திக்கடன் செலுத்தும் யாத்திரிகரும் இதிலிருந்து விலக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. பிக்குகளின் பிண்டபாதமும் தமிழர் நேர்த்திக்காக எடுக்கும் மடிப்பிச்சையும் நிலைத்திருந்த நாட்டில் அந்த விலக்கின்றி அச்சட்டம் செல்லுபடியாகியிராது.

1865 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய கொழும்பு மாநகர சபை பெரிதும் அக்கறை கொண்டது வியாபாரியின் ஒழுக்கத்தைவிடச் சுகாதாரத்திலேயே. 1914 இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோய் அக்கறையை அச்சமாக்கியது. இன்றும் நடைமுறையிலுள்ள 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், துணைவிதிகளை, அதாவது சட்டத்தின் கீழ் சபை தானே ஆக்கும் விதிகளை, இயற்றும் அதிகாரத்தை அளிக்கிறது. ஆயினும் அவை அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே வலுப்பெறும்.

வாசலுக்கு வந்தோரில் மிகவும் அஞ்சப்பட்டவர் வட்டிக்குக் கொடுத்த ஆப்கானியர். சம்பள நாளில் தவணை கேட்டு வீட்டுக்கே வந்த இவர்களைப் போன்றோரின் கொடுக்கல்வாங்கலை 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்தின் பார்வைக்குள் கொணர்ந்தது. கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகிய மூன்றும் கடன் பத்திரத்தில் எழுதப்படவேண்டியதாயிற்று. சீனத்துச் சாண்டோங் மாகாணத்திலிருந்து வந்த துணி வியாபாரிகளுக்கோ வரவேற்பிருந்தது. சைக்கிளின் பின்னே கட்டிவந்த பொதியை விறாந்தையில் அவிழ்த்து, பட்டையும் சீத்தையையும் அவர்கள் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, கடைத்தெருவுக்குத் தனியே போகாத பெண்கள் தம் வீட்டிலிருந்தபடியே துணி தெரிந்தெடுத்தனர்.

பாணும் மாலுபணிசும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, பீத்தோவனின் மெட்டை ஒலித்தபடி ஒழுங்கைகளில் வரும் ‘சூன் பாண்’ முச்சக்கர வண்டிகளின் இடர் ஓசை சார்ந்தது. 1996 ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்த 2007 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றக் கட்டளையும் இவ்வண்டிகளை மனத்திற்கொண்டு எழுந்தவையல்ல. 2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது, நடமாடும் வியாபாரிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கி அரசே அவர்களை வீடுகளுக்கு அனுப்பியது.

கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் வாசல் வியாபாரம் மாறியதன் வேர் வேறிடத்திலுள்ளது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பெருமளவில் குடியேற, முற்றமும் படலையும் கொண்ட வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. கதவு தட்டப்படுவதே அச்சந்தரும் காலமும் இடையில் வந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பின் விடுதிகளிலிருந்து தமிழர் பலவந்தமாகப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் அந்த அச்சத்திற்குச் சான்று. அறிமுகமற்றவரைப் படிக்கட்டு ஏறவிடாத வழக்கத்தை இவ்வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்ப்பது நியாயமாகாது.

எனினும், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தால் உருவான முகாமைக் கூட்டுத்தாபனம், அதாவது வீட்டு உரிமையாளர்களின் கூட்டமைப்பு, தன் கட்டடத்துக்குத் தானே விதி செய்கிறது. அது உரிமையாளர் கூட்டத்தில் முடிவாகி, வாயிற் காவலாளியால் நடைமுறையாகிறது. மாநகர சபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் மீன்காரருக்கு அங்கே குரலில்லை. மாடியிறங்க இயலாத முதியோருக்கே இவ்வியாபாரம் அதிகம் தேவைப்படுகையில், அவர்களுடைய வசதியையும் கேட்டறியாமல் இயற்றப்படும் தடை, முந்தைய துணைவிதிகளைக் காட்டிலும் கடுமையானது.